தெருவில் முதலில் பூப்பது என் மரம்

எங்கள் தெருவில் மார்ச் மாதத்தில் பூக்கிற மரம் ஒன்றே ஒன்றுதான். அது நாங்கள் குடியிருக்கும் வீட்டின் முன்முற்றத்தில் நிற்கிறது. நட்டது நான். வளர்த்தது நான். ஒருமுறை அதில் பாதியை வாளால் அறுத்துப் போட்டதும் நான்தான். இதைச் சொல்லும்போது என் குரலில் ஒரு மிதப்பு வந்துவிடுகிறது என்று மகள் சொல்வாள். வந்தால் வரட்டும்.

மரம் என்று வாய் நிறையச் சொல்கிறேனே தவிர, அது செடிக்கும் மரத்துக்கும் நடுவில் உள்ள ஒன்று. என் தலைக்கு மேல் ஒரு முழம் உயரம் இருக்கும். அடியிலிருந்தே பல தடிகளாகப் பிரிந்து விரிந்து நிற்கும். கோடையில் பார்த்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். சாதாரணப் பச்சை இலை. மார்ச் கடைசியில், தெரு முழுக்க அழுக்குப் பனி குவிந்து கிடக்கிற நாட்களில், ஓர் இலைகூட இல்லாத அந்தத் தடிகளில் மஞ்சள் பூ வரும். தேங்காய்ப்பூவை மஞ்சள்தூளில் பிரட்டிக் கிளைகளில் ஒட்டிவிட்டது போல இருக்கும். கடும் குளிர் வந்தால் இதழ்களைச் சுருட்டி உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் வெயில் பட்டதும் மெல்ல மெல்ல விரித்துவிடும். ஒரே பூ பத்துத் தடவை சுருண்டு பத்துத் தடவை விரிவதை நான் பார்த்திருக்கிறேன்.

நான் தோட்டம் படித்தவள் இல்லை. கியூபெக்கில், சென்ட் லோரன்ட் என்ற பகுதியில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் குளிசைகளைப் பெட்டியில் அடைக்கும் பகுதியில் வேலை. தலையில் தொப்பி, கையில் கையுறை, எட்டு மணித்தியாலம் வெள்ளை லைட்டின் கீழே. வெளியில் மழையா பனியா என்று வேலை முடிந்து கதவைத் திறக்கும்போதுதான் தெரியும். ஓர் இரண்டு மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்காரர் மேலே இருக்கிறார். லெபனானில் இருந்து வந்தவர், பிரெஞ்சில் மெதுவாகப் பேசுவார், அதனால் எனக்கு அவரை விளங்கும். வாசல் படிகளுக்குப் போகும் சீமெந்துப் பாதை முன்முற்றத்தை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு பக்கம் என் கணவரின் மிளகாய்த் தோட்டம். மற்றப் பக்கம் வெறும் புல்.

அந்தச் சாதி மரத்தை முதலில் பார்த்தது சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ என்ற ஊரில். மகள் அப்போது அங்கே கல்லூரியில் படித்தாள். மார்ச் மாதம் ஒரு நாள், அட்டையும் கம்பியுமாக படிப்புக்காகச் செய்த பெரிய மாதிரி வடிவம் ஒன்றைக் கொண்டுபோக வேண்டும், பஸ்ஸில் ஏற்ற முடியாது என்று நின்றாள். எனக்கு லீவு. காரில் கொண்டுபோய் விட்டேன். அவள் வரும்வரை காருக்குள் இருக்கப் பிடிக்காமல் பக்கத்திலிருந்த விவசாய வளாகத்துக்குள் நடந்தேன். முழங்கால் அளவு பனி. அதற்கு நடுவே மஞ்சளாக ஒன்று நின்றது.

யாரோ பிளாஸ்டிக் நாடாக்களை வெட்டிக் கட்டியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டப் போய் விரலால் தொட்டேன். பூ. குனிந்து மணந்தேன். இனிப்பும் காரமும் கலந்த ஒரு மெல்லிய மணம், மூக்கு உறைகிற குளிரிலும் தெரிந்தது. காலடியில் ஒரு தகட்டில் பெயர் எழுதியிருந்தது. படம் எடுத்துக்கொண்டேன். மகள் வந்து அரைமணி நேரம் என்னைத் தேடியிருக்கிறாள்.

"அம்மா, எங்க போனீங்கள்? போனும் எடுக்கேல்லை!"

"இஞ்ச வந்து பார். பனிக்குள்ள பூத்து நிக்குது."

அவள் பார்த்தாள். "ஓம், வடிவாத்தான் இருக்கு. குளிருது, போவம்."

அன்று மாலை படத்தைக் கணவருக்குக் காட்டினேன். "உது என்ன?" என்றார். தகட்டில் இருந்ததைப் பிரெஞ்சு முறையில் வாசித்தேன். "அமமெலிஸ்."

"மாமிலீசோ?"

எங்கள் வீட்டில் அதன் பெயர் அன்றிலிருந்து மாமிலீஸ்தான்.

மே மாதம் நாற்றுத் தோட்டங்களைத் தேடிப் போனேன். இரண்டு இடத்தில் இல்லை என்றார்கள். மூன்றாவது இடத்தில் இருந்த பெண், "மதாம், அது மிக மெதுவாக வளரும். எங்கள் குளிரில் எப்போதும் சொன்னபடி கேட்காது. ஹைட்ரேஞ்சியா வாங்குங்களேன், எல்லோரும் அதைத்தான் வாங்குகிறார்கள்" என்றாள். எல்லோரும் வாங்குகிறார்கள் என்பதாலேயே எனக்கு அது வேண்டாம் என்று சொல்ல எனக்குப் பிரெஞ்சு போதவில்லை. அமமெலிஸ், அமமெலிஸ் என்று இரண்டு தடவை சொன்னேன். கடைசியில் பின்பக்கத்திலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தாள். ஒட்டுக்கன்று. முழங்கையளவு உயரத்தில் நாலு குச்சி.

வீட்டுக்காரரிடம் கேட்டேன். புல்லை வெட்டுகிற வேலை குறையும் என்று உடனே சம்மதித்தார். கணவர்தான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஒரு பக்கம் முழுக்கப் பூமரத்துக்கோ? உதில பத்துக் கத்தரி வைக்கலாம்."

"கத்தரி மார்ச்சில காய்க்குமோ?"

 அவர் போய்க் குழி வெட்ட அலவாங்கை எடுத்துத் தந்தார்.

முதல் குளிர்காலம் முயல்கள் வந்தன. இந்த நகரத்தில் முயல் இருக்கிறது என்பதே எனக்கு அதுவரை தெரியாது. ஒரு காலை பார்த்தால் நாலு குச்சியில் ஒன்றைக் கத்தியால் சீவியது போல நறுக்கி வைத்திருந்தன. கம்பி வலை வாங்கிச் சுற்றிக் கட்டினேன். நெஞ்சு நிமிர்த்திக்கொண்டு இருந்தேன். பெப்ரவரியில் பனி ஏறி இறுகியதும், முயல் அந்தப் பனியின் மேல் ஏறி நின்று வலைக்கு மேலால் எட்டித் தின்றது. அடுத்த வருடம் வலையை இரண்டு மடங்கு உயரமாகக் கட்டினேன். அதற்குப் பிறகு அது வாலாட்டவில்லை.

இரண்டாவது குளிர்காலம் உப்பு, பனி உருகுவதற்காக வீதியில் கொட்டுகிற உப்பு. நடைபாதையைத் துப்புரவு செய்கிற சிறிய வண்டி உப்புக் கலந்த பனியை அப்படியே மரத்தின் மேல் அள்ளி வீசிக்கொண்டு போனது. வசந்தத்தில் தெருப் பக்கத்து இலைகள் ஓரம் கருகி வந்தன. நான் யோசித்தேன். மூன்று மரக்கட்டைகளை நட்டு, தெருப் பக்கமாகச் சாக்குத் துணியை இழுத்துக் கட்டினேன். பனி கரைந்ததும் வாளி வாளியாக நல்ல தண்ணீர் விட்டு மண்ணைக் கழுவினேன். படிகளில் உப்புப் போட வேண்டாம், மணல் போடுங்கள் என்று வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டேன். "மரத்துக்காகவா?" என்றார். "ஓம்" என்று தமிழில் சொல்லிவிட்டேன். அவருக்கு விளங்கியது.

அந்த இரண்டு வருடமும் ஒரு பூகூட இல்லை. குளிர்காலம் முழுக்க உலர்ந்த இலைகளை உதிர்க்காமல் பிடித்துக்கொண்டு, செத்தது போலவே நிற்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் அது பட்டுப்போய்விட்டது என்று எங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

மூன்றாவது மார்ச்சில் ஏழு பூ. வேலைக்குப் போகிற அவசரத்தில் காரின் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஏதோ மஞ்சளாகத் தெரிந்தது. சுரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். எண்ணினேன். திரும்பவும் எண்ணினேன். ஏழுதான். வேலைக்குப் பதினைந்து நிமிடம் பிந்திப் போய், மேற்பார்வையாளரிடம் உள்ளதைச் சொன்னேன். "எனது மரம் பூத்துவிட்டது." அவர் என்னைப் பார்த்தார். வெளியே அன்றைக்கும் பனி கொட்டிக்கொண்டிருந்தது. படத்தைக் காட்டிய பிறகுதான் நம்பினார். சாப்பாட்டு வேளைக்குள் எங்கள் பகுதி முழுக்க அந்தப் படத்தைப் பார்த்துவிட்டது.

அதன் பிறகு வருடம் தவறாமல் பூத்தது. முப்பது, எழுபது, பின்னர் எண்ண முடியாத அளவு. எனக்கும் அதன் குணம் பிடிபட்டது. அடுத்த மார்ச்சின் பூவுக்கான மொட்டு முந்திய கோடையிலேயே பிடித்துவிடும். மிளகு அளவில் சாம்பல் நிறமாக இலைக்காம்போடு ஒட்டியிருக்கும். அதனால் கோடையில் தண்ணீர் குறைந்தால் பூவும் குறையும். வெட்டுவதென்றால் பூத்து முடிந்த கையோடு வெட்ட வேண்டும். அடியில் இலைச் சருகும் மரத்தூளும் கலந்து ஒரு சாண் தடிப்பில் பரப்ப வேண்டும், ஆனால் அது தண்டைத் தொடக்கூடாது. இதெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கொஞ்சம் வாசித்தது, மிச்சம் பிழைவிட்டுப் படித்தது.

பெரிய பிழை ஆறாவது வருடம் தெரிய வந்தது. அந்த ஒக்டோபரில் மரம் பூத்தது.

முதலில் கண்டது கணவர்தான். வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து கூப்பிட்டார். "இஞ்ச வாரும், வந்து பாரும்! உம்மட மாமிலீஸ் இப்பவும் பூத்திருக்கு! வருசத்துக்கு ரெண்டு தரம்!"

போய்ப் பார்த்தேன். பூ இருந்தது. ஆனால் சின்னப் பூ, மெல்லிய இதழ், வெளிறிய மஞ்சள். மரம் முழுக்கவும் இல்லை. நடுவிலிருந்து எழும்பிய மூன்று தடிகளில் மட்டும். அந்த மூன்றும் கடந்த இரண்டு வருடத்தில் விறுவிறுவென்று வளர்ந்தவை. நான் அதைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டவை. அவர் போனில் தன் தமையனுக்குப் படம் அனுப்பிக்கொண்டிருந்தார்.  நான் முழந்தாளிட்டுச் சருகை ஒதுக்கி, விரலால் மண்ணைக் கிளறினேன். ஒட்டுப் போட்ட இடம் ஒரு கணுப் போலப் புடைத்திருந்தது. அந்த மூன்று தடியும் அதற்குக் கீழே இருந்து வந்திருந்தன.

ஒட்டுப் போடும்போது அடிக்கட்டைக்கு இதே இனத்து, இந்த நாட்டுக் காட்டு மரத்தின் கன்றைத்தான் வைப்பார்கள். அது இலையுதிர் காலத்தில் பூக்கிற சாதி. என் மரத்தைத் தாங்க வேண்டிய வேர், தானே மரமாக எழும்பிவிட்டது. மேலே இருந்த என் மரம் ஒரு பக்கமாக ஒதுங்கி மெலிந்துகொண்டு வந்ததை நான் கவனிக்கவே இல்லை. நல்லாக வளருகிறது, நல்லாக வளருகிறது என்று இரண்டு வருடம் வேறொரு மரத்துக்குத் தண்ணீர் விட்டிருக்கிறேன்.

அப்படியும் உடனே வெட்டவில்லை. மார்ச்வரை பார்ப்போம் என்று காத்திருந்தேன். மார்ச்சில் மெலிந்த கிளைகள் பூத்தன. கொழுத்த மூன்றும் சும்மா நின்றன. சந்தேகம் தீர்ந்தது. பூ முடிந்ததும், ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, வாளோடு வெளியே வந்தேன்.

"என்ன செய்யப் போறீர்?" என்றார் கணவர்.

"உந்த மூண்டு தடியையும் வெட்டப் போறன்."

"உமக்கென்ன விசரே? உதுதானே நல்லா நிக்குது. மற்றது சவலைப் பிள்ளை மாதிரிக் கிடக்கு."

"அது எங்கட மரமில்லை."

"எங்கட முத்தத்திலதானே நிக்குது?"

"நான் நட்டது மார்ச்சில பூக்கிற மரம். எனக்கு அதுதான் வேணும்."

"சரி, ஒண்டை வெட்டிப் பாருமன். ரெண்டை விடும்."

"ஒண்டை விட்டாலும் அது மற்றதைத் திண்டுபோடும்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் மண்ணைத் தோண்டி, தடிகள் தொடங்குகிற இடம்வரை போய், ஒவ்வொன்றாக அறுத்தேன். என் கை அளவு தடிப்பில் இருந்தன. பச்சை மரத்தின் ஈர மணம்.  முடித்து எழும்பிப் பார்த்தால், மரத்தில் பாதிக்கு மேல் புல்லில் கிடந்தது. மிஞ்சியது ஒரு பக்கம் சாய்ந்த ஐந்தாறு மெல்லிய கிளை. தெருவால் போகிறவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். மேலே பல்கனியில் நின்ற வீட்டுக்காரர் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் உள்ளே போகும்போது முதுகு கேட்டது.

அந்தக் கோடை முழுக்க, வெட்டின இடத்தில் புதிதாக முளைக்கிறதா என்று வாரம் ஒருமுறை மண்ணைக் கிளறினேன். முளை வரும்போதெல்லாம் பிய்த்து எறிந்தேன். இரண்டு வருடத்தில் மேலிருந்த மரம் வெறுமையாகக் கிடந்த பக்கத்துக்குக் கிளைகளை அனுப்பத் தொடங்கியது. எட்டாவது மார்ச்சில் வட்டமாக விரிந்து நின்று பூத்தது. பூத்துக்கொண்டிருந்த அந்த வாரம் கணவர் ஒரு நாள் தானாகவே சொன்னார். "வெட்டினது சரிதான்." இருபத்தெட்டு வருடத் தாம்பத்தியத்தில் அந்த வசனம் எனக்கு அடிக்கடி கிடைத்ததில்லை.

ஒன்பதாவது வருடம் ஜூலையில் கதவில் ஒரு கடிதம் செருகியிருந்தது. தெருவில் பழைய ஈயக் குழாய்களை எடுத்துவிட்டுப் புதிய தண்ணீர்க் குழாய் போடப் போகிறார்கள். நல்ல விஷயம், வேண்டிய விஷயம். வீட்டுக்காரர் படத்தை விரித்துக் காட்டினார். தெருவிலிருந்து வீட்டுக்கு வெட்டப்போகிற வாய்க்கால், என் மரத்தின் நடுவால் போனது.

வேலையின் பொறுப்பாளர் தலையில் தொப்பியோடு வந்தபோது அவரைப் பிடித்தேன். கியூபெக்காரர், அன்பான மனிதர். குழாய் பழைய இடத்தில்தான் நிலத்துக்குள் இருக்கிறது, வேறு பக்கத்தால் வெட்ட முடியாது என்றார்.

"எத்தனை நாள் இருக்கிறது?" என்று கேட்டேன்.

"உங்கள் வீட்டுக்கு வெள்ளிக்கிழமை வருவோம்."

அன்று செவ்வாய்.

"அப்படியென்றால் நான் மரத்தை மாற்றுகிறேன்."

அவர் மரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். முப்பத்திரண்டு பாகை வெயில். "மதாம், ஜூலையில் பிடுங்கினால் அது செத்துவிடும். ஒக்டோபர் என்றால் பரவாயில்லை."

"ஒக்டோபர்வரை நீங்கள் காத்திருப்பீர்களா?"

சிரித்தார். இல்லை என்று தோளைக் குலுக்கினார்.

மாற்றுகிறேன் என்று சொல்லிவிட்டேன். எங்கே என்று யோசிக்கவில்லை. பின்பக்கம் முழுக்கச் சீமெந்து. முன்பக்கத்தில் எஞ்சியிருப்பது பாதைக்கு அந்தப் பக்கம், என் கணவரின் மிளகாய்த் தோட்டம். அவர் பெப்ரவரியிலேயே குசினி யன்னலில் சின்னச் சின்னக் கோப்பைகளில் விதை போட்டு, லைட் பிடித்து, பிள்ளை மாதிரிப் பார்த்து, ஜூன் தொடக்கத்தில் வெளியே நடுவார். இருபத்திநாலு கன்று. அப்போதுதான் பூத்துப் பிஞ்சு பிடித்திருந்தது. அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மாலையில் படியில் இருந்தோம்.

"எங்க வைக்கப் போறீர்?" என்று அவரே கேட்டார்.

"இடமில்லை. வெட்டிப்போட்டு, குழாய் போட்ட பிறகு புதுசா ஒண்டு வாங்கி வைப்பம்."

"ஒன்பது வருசமோ?"

 அவர் கொஞ்ச நேரம் தன் கன்றுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சால வையும்."

"உங்கட மிளகாய்?"

"மிளகாய் வாளியிலயும் காய்க்கும். உது வாளியில நிக்குமே?"

எழும்பிப் போய் முதல் கன்றைத் தானே கிண்டி எடுத்தார். அன்று இருட்டுவதற்குள் எங்களிடம் இருந்த வாளி, பெயின்ற் டப்பா, ஐஸ்கிறீம் பெட்டி எல்லாவற்றிலும் மிளகாய் நின்றது. ஆறு கன்றுக்கு இடம் கிடைக்கவில்லை. அவற்றை ஈரத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்த் தன்னோடு வேலை செய்கிறவருக்குக் கொடுத்தார். 

புதனும் வியாழனும் வேலைக்கு லீவு சொன்னேன். புதன்கிழமை மரத்தின் அடியில் நிலம் குளிரக் குளிரத் தண்ணீர் விட்டேன். வியாழன் விடிந்ததும் வெட்டத் தொடங்கினேன். தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி வட்டம் கீறி, அந்தக் கோட்டில் மண்வெட்டியைச் செங்குத்தாக இறக்கினேன். அமமெலிஸின் வேர் ஆழமாகப் போகாது, அகலமாகப் போகும். அதனால் தட்டுப் போல மண்ணோடு எடுக்க வேண்டும். மண் உதிர்ந்தால் முடிந்தது. வெளியே நீண்ட வேர்களைக் கத்தரிக்கோலால் நேராக வெட்டினேன். குளிர்காலத்தில் தெருப் பக்கம் கட்டுகிற சாக்குத் துணியை அடியால் நுழைத்து, மண்கட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். பத்து மணிக்கு அது கழன்று நின்றது. கணவரும் வீட்டுக்காரரும் நானும் சேர்ந்து தள்ளினோம். அசையவில்லை.

பக்கத்து வீட்டு முன்னால் குழி வெட்டிக்கொண்டிருந்த பொறுப்பாளர் இதையெல்லாம் பார்த்திருக்கிறார். செம்மஞ்சள் மேலங்கி போட்ட இருவரோடு வந்தார். மண் அள்ளும் இயந்திரத்தின் வாயால் தூக்கித் தரவா என்றார். "வேண்டாம், கிளை முறியும்" என்றேன். "அப்படியென்றால் எப்படி?" கராஜுக்குள் ஓடிப்போய் மகள் சின்ன வயதில் பனியில் சறுக்கிய சிவப்புப் பிளாஸ்டிக் வண்டிலை எடுத்துக்கொண்டு வந்தேன். அவர்கள் மூவரும் சிரித்த சிரிப்பில் தெருவே திரும்பிப் பார்த்தது. ஆனால் அதுதான் சரிவந்தது. ஒரு பக்கம் சரித்து, அடியில் வண்டிலைச் செருகி, ஐந்து பேர் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். நான் பின்னால் தண்டைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று மூன்று மொழியிலும் கத்தினேன். ஜூலை வெயிலில், புல்லின் மேலும் சீமெந்தின் மேலும், சறுக்கு வண்டிலில் என் மரம் போனது.

மிளகாய் நின்ற இடத்தில் வெட்டிவைத்த குழிக்குள் இறக்கும்போது, பழைய ஆழத்தைவிட நாலு விரல் உயர்த்தி வைத்தேன். ஒட்டுக் கணு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். பொறுப்பாளர் கையைத் தட்டிவிட்டு, "மதாம், நீங்கள் எங்களோடு வேலைக்கு வாருங்கள்" என்றார்.

மூன்றாம் நாள் இலைகள் தொங்கின. இரண்டாம் வாரம் ஓரம் சுருண்டன. ஓகஸ்ட் நடுவில் மரத்தில் ஒரு பச்சை இலைகூட இல்லை. வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டி நிழல் போட்டிருந்தேன். அடியில் ஓட்டை போட்ட வாளி ஒன்றை வைத்து, துளித் துளியாகத் தண்ணீர் இறங்க விட்டிருந்தேன். வேலைக்குப் போகமுன் ஒருமுறை, வந்து ஒருமுறை நிரப்பினேன். "இனி அது வராது போல" என்று கணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். நகத்தால் ஒரு கிளையின் பட்டையை லேசாகச் சுரண்டிக் காட்டினேன். உள்ளே பச்சை.

"பச்சை இருக்கிற வரைக்கும் நான் விடமாட்டன்."

செப்டெம்பரில் நுனிகளில் நகத்தின் அளவில் புது இலை வந்தது. தண்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுதேன். யாரும் பார்க்கவில்லை.

அடுத்த மார்ச்சில் கீழ்க்கிளைகள் இரண்டில் மட்டும் பூ வந்தது. பதினொன்று. அதற்கு அடுத்த மார்ச்சில், அதாவது இந்த வருடம், உச்சிக் கிளைவரை பூத்தது. முன்னர் நின்ற இடத்தைவிட இங்கே வெயில் கூட; பூவும் கூட. கணவரின் மிளகாய்கள் இப்போது மரம் நின்ற பழைய இடத்தில், புது மண்ணில் காய்க்கின்றன. தமையனோடு போனில் பேசும்போது அவர், "ஓம் அண்ணை, ஜூலையில கிண்டி வைச்சனாங்கள், பிழைச்சிட்டுது" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த "வைச்சனாங்கள்" என்ற பன்மை அவருக்கு உரியதுதான். இருபத்திநாலு கன்றைக் கிண்டியவர் அவர்.

இந்த மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாயைக் கூட்டிக்கொண்டு போன ஒரு பெண் நின்றாள். தெருவுக்குப் புதியவள். உண்மைப் பூவா என்று கேட்டாள். யார் இதைப் பராமரிக்கிறார்கள் என்று கேட்டாள்.

"நான்" என்றேன்.

பிறகு அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். முயல், உப்பு, ஒக்டோபர்ப் பூ, சறுக்கு வண்டில். நாய் இரண்டு தடவை உட்கார்ந்து எழும்பியது. நான் யாரோடும் பிரெஞ்சில் தொடங்கும்போது, மன்னிக்க வேண்டும், என் பிரெஞ்சு நல்லதில்லை என்றுதான் முதலில் சொல்வேன். அன்றைக்கு அதைச் சொல்லவில்லை என்பது அவள் போகத் திரும்பும்போதுதான் நினைவு வந்தது. பிழை பிழையாகத்தான் பேசியிருப்பேன். அவளுக்கு எல்லாம் விளங்கியிருந்தது.

ஒரு சின்னக் கிளை ஒடித்துத் தர முடியுமா என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன். "ஆனால் எத்தனை தரமும் வந்து பார்க்கலாம்."

மறுநாள் பின்னேரம் தன் புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். நான் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனேன்.